நோலாவின் முதுகில் நீலக் கோடு

ஆஸ்திரேலியாவின் ரிவரினா ஆட்டுச் சந்தையில் நோலா பிரிடமுக்கு வாய் காட்டாமல் எந்த ஆடும் தப்பியதில்லை. தாடையைப் பிடிப்பாள், உதட்டை விலக்குவாள், பல்லையும் ஈறையும் பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால் முதுகில் நீலச் சாக்குக்கட்டியால் ஒரு இழுப்பு. அந்த ஆடு கறிக்கு. இரண்டு புருஷன்களையும் இப்படித்தான் கழித்தாள் என்று ஊரில் பேச்சு. அதைக் கிளப்பியது நானில்லை. நான் ஆட்டு லாரி ஓட்டுகிறவன், போகிற ஊரிலெல்லாம் சொன்னதோடு சரி.

சில வருஷம் முன்பு ஒரு கிடா முட்டி அவளுடைய முன்பல் போனது. அதோடு விசிலும் போனது. அவளுடைய நாய் பிப் விசிலுக்குத்தான் ஆடு மடக்கும். கத்தினால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். வசந்தத்தில் நடக்கும், ஆடு மடக்கும் நாய்களுக்கான போட்டியை விட்டால் நோலாவுக்கு வேறு வாழ்க்கை கிடையாது. அதனால் தாடை எலும்பில் திருகாணி இறக்கி, மேலே பல் மாட்டிக்கொண்டாள். விசில் திரும்பியது.

சிகரெட்டும் திரும்பியது. உடம்பில் சர்க்கரை வேறு. வருஷா வருஷம் வந்து காட்டச் சொன்ன பல் டாக்டர் பக்கமே போகவில்லை.

"உலோகத்துல பூச்சி விழுமாய்யா?" என்பாள்.

இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் சந்தையில் ஆப்பிளைக் கடித்தாள். கடித்த இடம் சிவந்திருந்தது.

"ஏய் நோலா, ரத்தம்!" என்றேன்.

"கொஞ்ச நாளா அப்படித்தான். வலிக்கல, பல்லும் ஆடல. உன் லாரியப் பாரு, டெஸ்."

அவள் அடுத்த ஆட்டுக்குக் குனிந்தபோது, அவளுடைய சாக்குக்கட்டியையே எடுத்து அவள் கோட்டு முதுகில் இழுத்துவிட்டேன். மத்தியானம் வரை தெரியாமலே திரிந்தாள். கடைசியில் ஏலக்காரன்தான் கத்தினான்: "நோலா, உன்ன யாரு கழிச்சது? கிலோ என்ன விலை?"

சந்தையே சிரித்தது. கோட்டைக் கழற்றிப் பார்த்தாள். என் லாரிக் கண்ணாடி முன்னால் போய் நின்று, ஆட்டுக்குச் செய்வதுபோலத் தன் உதட்டை விலக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஈறு வீங்கித்தான் இருக்கு. திங்கக்கிழமை நீதான் கூட்டிட்டுப் போற. டீசல் உன்னுது."

பல் ஆஸ்பத்திரியில் துய் என்ற பெண் மெல்லிய கம்பியால் ஈறைச் சுற்றித் தொட்டுப் பார்த்தாள். ரத்தம் கசிந்தது. பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் வைத்தாள்.

"விசில் போயிடுமா?" நோலா கேட்டது அது ஒன்றுதான்.

"எலும்பு பிடிச்சிருக்கற வரைக்கும் போகாது. இப்போதைக்கு அழற்சி ஈறோட நிக்குது, எலும்பு அப்படியே இருக்கு. வலிக்கட்டும்னு காத்திருந்தீங்கன்னா அதுவும் கரைஞ்சிருக்கும். நிறைய பேருக்கு வலியே வராதுங்க. ரத்தம் வர்றதுதான் முதல் தகவல்."

"எதனால வருது?" என்று நான் கேட்டேன்.

"பல்லு செயற்கை, படியற அழுக்கு செயற்கை இல்லையே. அதுக்கு மேல சிகரெட்டு, சர்க்கரை. முன்னாடியே உங்களுக்கு ஈறு நோய் இருந்திருக்கு. அப்படிப்பட்டவங்களுக்கு இது சீக்கிரம் வரும்."

சுத்தம் பண்ணி, இடுக்கில் விட ஒரு குட்டி பிரஷ் கொடுத்தாள். சிகரெட்டை விட்ட மாதம் நோலாவின் பக்கத்தில் நாய்கூடப் போகவில்லை. ஆனால் அடுத்த தடவை கம்பி தொட்டபோது ரத்தம் வரவில்லை.

போட்டியில் விசில் மைதானக் கோடி வரை கேட்டது. பிப் மூன்றாவது இடம். ஆடுகள் மடையன்கள் என்றாள்.

போன வாரம் சந்தையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் தாடையைப் பிடித்தார்கள்.

"வாயத் திற, டெஸ்," என்றாள் நோலா. இன்னொரு கையில் நீலச் சாக்குக்கட்டி.