மாடியிலும் என் முகவரி

எங்கள் தறிக்கொட்டகையின் நடுவே ஒரு தகரத் தடுப்பு இருக்கிறது. இந்தப் பக்கம் என் கணவரின் தறி, அந்தப் பக்கம் கொழுந்தனுடையது. அண்ணனும் தம்பியும் ஒரு டீயை வாங்கிப் பாதிப் பாதி குடிப்பார்கள். தகரத்தை அடிக்கச் சொன்னது நானும் மாடியில் இருக்கும் என் ஓரகத்தியும்தான். இருவரும் கணினியில் புடவை டிசைன் போடுகிறவர்கள், அதுவும் வேறு வேறு முதலாளிகளுக்கு. புதுப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கும்வரை முந்தானையை யாருக்கும் காட்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நெய்த பகுதியின் மேல் துண்டைப் போட்டு மூடியே வைப்போம். காஞ்சிபுரத்தில் ஒரு டிசைன் வெளியே தெரிந்தால், அடுத்த வாரமே ஐயம்பேட்டை வரை தறிக்குத் தறி ஏறியிருக்கும்.

அந்த முறை எனக்குக் கிடைத்தது ஒரு கல்யாணப் புடவை. இருதலைப்பட்சியைப் புது மாதிரியாக, சிறகு விரித்து, முந்தானை முழுக்க வரைந்திருந்தேன். "இது மட்டும் வெளிய தெரிஞ்சிது, அப்புறம் வேலை கேட்டு என்கிட்ட வராதம்மா" என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் தறிகளின் மேலே டிசைனுக்குத் துளை போட்ட அட்டைகள் கிடையாது, ஒரு மின்பெட்டிதான். ஒவ்வொரு பூ முடிந்ததும் அடுத்ததை வைஃபை வழியாக என் கணினியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். கணினியை அதன் எண்ணை, அதாவது வைஃபையில் அதன் முகவரியை, வைத்துத்தான் அடையாளம் காணும். ஆனால் கரண்ட் போய் வந்தால், மாடிப்படியில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டி என் கணினிக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிடும். கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் அந்தப் பெட்டி ஒன்றுதான். எண் மாறினால் தறி வேலை செய்யாமல் விளக்கை மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் செவிலிமேட்டில் கரண்ட் போகாத நாள் எது?

ஒருநாள் விடியற்காலையிலேயே, மின்பெட்டியை மாட்டிய மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன்.

"வைஃபை செட்டிங்குக்குப் போ அக்கா. ஆட்டோமேட்டிக்னு இருக்கறத மேனுவல்னு மாத்து. நாலு எண்ணு கேக்கும். மொத மூணு இப்ப இருக்கறதே போடு. கடைசி எண்ணு உன் இஷ்டம், நூறுக்கு மேல எதுனா வெச்சிக்க. தறிப் பெட்டியிலயும் அதையே போட்டுடு."

நூறுக்கு மேல் என்றதும் எனக்கு வேறு எண் தோன்றவேயில்லை. நூற்றெட்டு. அம்மனைச் சுற்றுவது நூற்றெட்டு, எலுமிச்சை மாலைக்குக் கோப்பதும் நூற்றெட்டு. வைஃபை பெட்டியின் எண்ணையும் கீழே கேட்டது. மெக்கானிக் சொல்லச் சொல்ல அதையும் போட்டுச் சேமித்தேன். தறி உடனே ஓடியது. அப்பாடா என்றிருந்தது.

அன்று மாலை ஓரகத்தி என்னிடம் பேசவில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்தவள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தமும் நின்றிருந்தது. எதையோ பிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை நான் அடுப்பையே பற்றவைக்கவில்லை, அதற்குள் மாடியில் கணினி உயிர் பெறும் ஓசை கேட்டது. எட்டு மணிக்கு முன் அதன் பக்கமே போகாதவள் அவள். என்னவோ செய்கிறாள் என்று எனக்குப் பட்டுவிட்டது.

என் கணினியைப் போட்டேன். இதே முகவரியை இந்த இணைப்பில் வேறொரு கணினி பயன்படுத்துகிறது என்றது. அதே நேரம் கொட்டகையிலிருந்து கணவரின் குரல்.

"ஏம்மா, இங்க வந்து பாரு. நம்ம பட்சிக்கு வாத்துக் கால் முளைச்சிக்கினு இருக்குது!"

போய்ப் பார்த்தேன். வாத்தில்லை, அன்னம். முந்தானையில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு யாரோ வரைந்த அன்னத்தின் காலும் வயிறும். யாரோ என்ன யாரோ? அந்தக் கால் வளைவை எனக்குத் தெரியாதா? என் எண்ணைத் திருடி, என் புடவையைக் கெடுக்கிறாள். இந்த வழியில் வரத் தெரிந்தவளுக்கு என் பட்சியை எடுத்துக்கொண்டு போகத் தெரியாதா?

மாடிக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள்.

"நேத்து எங்க தறியில உன் பட்சி வந்துச்சே அக்கா, நான் வந்து சண்டை போட்டனா?"

என் டிசைனைப் பார்த்துவிட்டாள். நேற்றே பார்த்துவிட்டாள்.

"நீதான் வேணும்னு அனுப்பறன்னு நெனச்சேன். அதான் இன்னிக்கி உனக்கு முன்னாடி நான் கம்ப்யூட்டரப் போட்டேன். இன்னா வருதுன்னு பாக்கலாம்னு."

அவள் திரையைப் பார்த்தேன். கடைசி எண் நூற்றெட்டு.

"இந்த நம்பர உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நூறுக்கு மேலன்னாரு மெக்கானிக்கு. வேற இன்னா போடுவாங்க?"

அதே மெக்கானிக். போன மாதமே அவளுக்கும் செய்து கொடுத்திருக்கிறார். எங்களில் யார் முதலில் கணினியைப் போடுகிறோமோ, அவர்கள் டிசைனை இரண்டு தறியும் வாங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

"உங்க முதலாளிகிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"நெசமா?"

"சொல்லலக்கா. நீ என் அன்னத்த சொல்லாத, நான் உன் பட்சிய சொல்லல." பிறகு அவளாகவே நூற்றொன்பது என்று மாற்றிக்கொண்டாள். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பாளா என்று படியிறங்கும்போதே எனக்கு உறுத்தியது. கீழே வந்ததும் என் டிசைன்களுக்குப் பாஸ்வேர்டு போட்டேன்.

அன்னத்தின் காலைப் பிரித்தெடுக்க என் கணவருக்குப் பொழுது போய்விட்டது. ஜரிகை இழையாயிற்றே, கண்ணில் நீர் கட்டிக்கொள்ளும். புடவை முடிந்து, அறுத்து இறக்கி, கல்யாணமும் நடந்தது. அதுவரை என் பட்சி ஊரில் எந்தத் தறியிலும் தெரியவில்லை. நானும் ஐயம்பேட்டை வரை விசாரித்தேன். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாஸ்வேர்டை எடுத்துவிடலாம், அவள் திறந்து வைத்திருந்தால் நான் மட்டும் பூட்டி வைப்பது அழகில்லை என்று நினைத்து, அவள் மொட்டைமாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த நேரத்தில் என் கணினியில் நூற்றொன்பதைத் தட்டிப் பார்த்தேன்.

பாஸ்வேர்டு கேட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. படியில் நின்று மேலே பார்த்துக் கேட்டேன்.

"ஏம்மா, எதுக்கு பூட்டி வெச்சிக்கினு இருக்கற? என்மேல நம்பிக்கை இல்லியா?"

மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"நீ அன்னிக்கே பூட்டிட்டியே அக்கா. அத பாத்துட்டுதான் நானும் பூட்டினேன்."

சொல்லிவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நானும் என் நாக்கைக் கடித்துக்கொண்டே கீழே இறங்கினேன்.