திரை அணைந்தது, அறை குளிர்ந்தது

அக்கா தன் மேசைமேல் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு, அதன் நிரல் ஓடத் தேவையான மெமரியை வேண்டுமென்றே தர மறுத்துக்கொண்டிருந்தார். பெட்டி உறைந்து நின்றது. அதை உயிர்ப்பித்துவிட்டு, வேறோர் இடத்தில் மறுத்தார். அவரை நினைத்தால் இந்தக் காட்சிதான் முதலில் வருகிறது. நாங்களெல்லாம் பெட்டி ஓடுகிறதா என்று சோதிப்போம். அவர் அது எங்கே விழும் என்று தேடினார்.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, படுத்த படுக்கையான தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊரான அனுமந்தன்பட்டிக்குத் திரும்பியவர் அவர். குளிர்பதனக் கிடங்குகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் எங்கள் தேனி அலுவலகத்துக்குத் தினமும் பேருந்தில் வருவார்; அங்கே எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. அவர் சேர்ந்த புதிதில், ஓடைப்பட்டிக் கிடங்கு ஒன்றில் பெட்டி உறைந்து, கம்ப்ரஸர் நின்று, உள்ளே இருந்த திராட்சை மொத்தமும் குழைந்துவிட்டது. கிடங்குக்காரரும் அவர் மனைவியும் ஒரு கூடைப் பழத்தோடு அலுவலகத்துக்கே வந்தார்கள். கத்தவில்லை. அந்த அம்மா மட்டும், "மனுசருக்குன்னா மயக்கம்பாக. மிசினுக்கு என்ன தாயி வந்துச்சு?" என்று அக்காவிடம் கேட்டார்.

 அந்தக் கேள்வியோடுதான் அக்கா பழைய டிரைவர் நிரலைத் திறந்தார். வெப்பமானிக்கும் இயக்க முறைமைக்கும் நடுவே நிற்கும் நிரல் அது. ஒவ்வொரு முறை அளவெடுக்கும்போதும் கொஞ்சம் மெமரி கேட்கும். "இல்லை" என்று பதில் வந்தாலும் அதைப் பார்க்காமல், கிடைத்துவிட்டதாக நினைத்து, இல்லாத இடத்தில் எழுதும். அத்தோடு பெட்டி மொத்தமும் முடங்கும்.

"இன்னும் கொஞ்சம் மெமரி கூடப் போட்டு அனுப்பிருவோம்மா, ஆர்டர் குடுத்தவுக நெருக்குறாக" என்றார் முதலாளி.

"எம்புட்டுப் போட்டாலும் ஒருநா தீரும் சார். தீந்தா என்ன செய்யணும்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

முதலாளி கோபமாக எழுந்து போனார். வேலையைச் சென்னைக்காரர்களிடம் கொடுக்கப்போகிறார் என்ற பேச்சும் அடிபட்டது. அக்காவுக்கு இந்த ஊரில் வேறு வேலை கிடைக்காது. அப்பாவை விட்டு வெளியூர் போகவும் முடியாது. ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. குளிரூட்டத் தேவையான மெமரியைத் தொடக்கத்திலேயே வாங்கி ஒதுக்கிவைத்தார். திரையில் காட்டுவது போன்ற மற்ற வேலைகளுக்குப் பாதியில் மறுக்கப்பட்டால், அதுவரை வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முடியாது என்று சொல்லி ஒதுங்கும்படி எழுதினார். பிறகு ஒவ்வொரு இடத்திலும் மறுத்து மறுத்துப் பார்த்தார். பெட்டி விழாமல் நின்ற பிறகுதான் அனுப்பச் சம்மதித்தார்.

அடுத்த அறுவடையின்போது ஒரு மதியம் கிடங்குக்காரர் கூப்பிட்டார். "தாயி, இங்கன திரை இருட்டாயிருச்சு. ஆனா உள்ள சில்லுன்னுதான் இருக்கு. இது சரியா, தப்பா?"

"போனக் கொஞ்சம் உள்ள கொண்டு போங்கண்ணே" என்று சொல்லி, அக்கா ஸ்பீக்கரைப் போட்டார். கதவு திறக்கும் சத்தம். பிறகு விசிறிகளின் சீரான இரைச்சல். அக்கா கண்களை மூடிக் கேட்டார். முதலாளியும் தன் அறையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "சரிதாண்ணே, மெமரி தீந்தும் அது விழல" என்றார் அக்கா. "வீட்டுக்குக் கெளம்பும்மா, அப்பா தேடுவாக" என்று மட்டும் முதலாளி மெல்லச் சொன்னார்.

அப்பா காலமான பின் அக்கா மறுபடி பெங்களூருக்குப் போய்விட்டார். அந்த நிரலை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண், "மெமரி இல்லேன்னா ஒதுங்கச் சொல்ற இந்த வரியெல்லாம் எப்பவாச்சும் ஓடுமா மேடம்? எடுத்துரலாமா?" என்று கேட்டாள்.

"ஓடியிருக்கும்மா. நான் காதால கேட்டேன்" என்றேன்.