காலி பெஞ்சுகளிலிருந்து வந்த ஆமென்

1. ரூம் மைக்

பூட்டிய சர்ச்சுக்குள் பாஸ்டரும் நானும் மட்டும்தான் இருந்தோம். பாஸ்டர் ஜெபத்தை முடித்தார். என் ஹெட்போனில் யாரோ "ஆமென்" என்றார்கள்.

கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு போட்டிருந்த காலம் அது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் கல்யாண மண்டபம், கோயில், சர்ச் எல்லாவற்றுக்கும் சவுண்ட் சிஸ்டம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு வேலையே இல்லை. என் சொந்தச் சபை மட்டும் கூப்பிட்டது. ஞாயிறு ஆராதனையை லைவ்வாகப் போனில் அனுப்ப வேண்டும். அதற்காகப் பாஸ்டருக்கும் எனக்கும் மட்டும் போலீஸ் அனுமதிக் கடிதம் கிடைத்தது.

அசாம் ஜாவாவைத் தாண்டி உள்ளே போனால், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் சர்ச். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள். சர்ச்சும் அதன் பின்னால் உள்ள கல்லறைகளும் மட்டும் மிஞ்சின. காலை ஒன்பது மணிக்கும் உள்ளே மங்கலாகத்தான் இருக்கும்.

பாஸ்டருக்கு ஒரு மைக். கடைசி பெஞ்சுக்கு மேலே, சபை பாடும் சத்தத்தை எடுக்க ஒரு ரூம் மைக். ஆள் இல்லாத இடத்தில் அது எதற்கு என்று அதை ஆஃப் செய்யப் போனேன்.

"இருக்கட்டும்ண்ணே. அதையும் மூடிட்டா நான் டப்பாக்குள்ள பேசற மாதிரி இருக்கும்" என்றார் பாஸ்டர்.

அந்த ரூம் மைக்கின் மீட்டரில்தான் பச்சை விளக்கு ஏறி இறங்கியது.

ஹெட்போனைக் கழற்றினேன். அமைதி. மாட்டினேன். ஒரு இருமல். பிறகு நிறையப் பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்குமே, துணி உரசுவதும் மூச்சு விடுவதுமாக ஒரு சத்தம், அது. பெஞ்சுகளைப் பார்க்க எனக்குக் கழுத்து திரும்பவில்லை.

கேபிள் கோளாறாக இருக்கும் என்று நினைத்து, அடுத்த வாரம் கேபிளை மாற்றினேன். சத்தம் வந்தது. அதற்கடுத்த வாரம் மைக்கையே மாற்றினேன். அப்போதும் பாஸ்டர் ஒவ்வொரு ஜெபத்தையும் முடித்துச் சற்று நிறுத்தும்போதெல்லாம் "ஆமென்" வந்தது. ஒரு குரல் இல்லை, பல குரல்கள். அதில் ஒன்று மட்டும் மற்றவற்றுக்குப் பின்தங்கி வரும்.

பாஸ்டரிடம் நான் சொல்லவில்லை. லைவ் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். "சர்ச்சுல யாரு இருக்காங்க? ஆமென் சத்தம் கேக்குது லா. எஸ்.ஓ.பி. என்னாச்சு?" என்று ஒருவர் கமெண்ட் போட்டார். கூட்டம் கூடக் கூடாது என்பதுதான் எஸ்.ஓ.பி. விதி; விஷயம் போலீஸுக்குப் போனால் சபைக்கு அபராதம், லைவ்வும் நின்றுவிடும்.

2. பின்பக்கம்

அந்த ஞாயிறு, கடைசி ஜெபத்துக்குப் பாஸ்டர் கண்ணை மூடியதும் நான் எழுந்து பக்கக் கதவு வழியாக வெளியே போனேன். பகல் வெளிச்சத்தில்தான் போனேன். ஆனாலும் சுவரை ஒட்டியே நடந்தேன்.

சர்ச்சின் பின்சுவரில் கண்ணாடிப் பட்டை ஜன்னல் ஒன்று உண்டு. அதன் கீழே, ஒரு கல்லறையின் விளிம்பில், வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஞானமுத்து ஐயா. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர், மனைவி இறந்தபின் தனியாக இருப்பவர். ஒரு ஞாயிறும் தவறாதவர். ரோட்டில் போலீஸ் தடுப்பு இருந்ததால் செம்பனைக்குள் புகுந்து நடந்தே வந்திருக்கிறார். ஷூ முழுக்கச் சேறு.

"ஐயா, இங்க என்ன பண்றீங்க?"

"மெதுவா பேசுங்க தம்பி. இன்னும் முடியல."

"வீட்லயே போன்ல பாக்கலாம்னு பாஸ்டர் சொன்னாரே?"

"போன்ல பாத்தா சர்ச்சுக்கு வந்ததா ஆயிடுமா? ஜலப்பிரளயத்துல பேழைக்கு வெளிய நின்னவன் முழுகிப்போனான்னு இவருதான பிரசங்கம் பண்ணாரு? ஞாயித்துக்கிழமை வராதவனும் அப்படித்தான்னாரு. இந்த வயசுல நான் வெளிய நிக்க முடியுமா?"

அவர் தன் டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது பிடிவாதம் இல்லை, பயம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"தனியாவா வந்தீங்க?"

அவர் என்னைத் தாண்டிக் கல்லறைகளைப் பார்த்தார்.

"வரும்போது தனியாத்தான் வந்தேன்" என்றார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். அங்கே செம்பனை ஓலைகூட அசையவில்லை.

ஆராதனையை முடித்துக்கொண்டு பாஸ்டர் எங்களைத் தேடி வந்தார். பெரியவரைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. நான்கு அடி தள்ளி, மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"ஐயா, சர்ச்சுக்கு வர்றதால ரட்சிப்பு கெடைக்கிறதில்ல. விசுவாசத்தாலதான். நீங்க வீட்ல இருந்தா ஆண்டவர் கைவிட மாட்டாரு."

பெரியவர் அவரையே பார்த்தார். "அப்ப இத்தன வருசம் எதுக்கு வரச் சொன்னீங்க பாஸ்டர்?"

பாஸ்டர் அவருடைய சேற்று ஷூவைப் பார்த்தார். இறையியல் படித்தவர், மேடையில் தடுமாறி நான் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார்:

"பயமுறுத்துனா வருவாங்கன்னு அப்படிப் பேசிட்டேன் ஐயா. தப்பு. ஆனா கதவப் பூட்டிட்டு நான் மட்டும் நின்னு ஜெபிச்சப்பதான் தெரிஞ்சது, எனக்கே விசுவாசம் தனியா நிக்க மாட்டேங்குது. பக்கத்துல நாலு பேரு ஆமென் சொல்லணும். அதுக்குத்தான் வரச் சொல்லணும்."

பெரியவர் தலையை ஆட்டினார். டையிலிருந்து கையை எடுத்தார்.

3. பாஸ்டர் கேட்டது

பெரியவரை அவர் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, நான் கடைசி ஜெபத்த முடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பின்னாடி. ஐயாகூடப் பேசிட்டிருந்தேன்."

"அவரும் உங்ககூடப் பேசிட்டுத்தான் இருந்தாரா?"

"ஆமா."

"அப்ப ஆமென் சொன்னது யாரு?"

பாஸ்டர் காலி பெஞ்சுகளைப் பார்த்தபடியே பேசினார். "முதல் வாரத்துலேர்ந்தே எனக்குக் கேக்குது. ஹெட்போன் இல்லாமலே. பயந்துதான் நின்னேன். ஆனா அது கேக்கலன்னா நான் பாதியிலேயே நிறுத்திட்டுப் போயிருப்பேன்."

வயர்களைச் சுருட்டி முடித்து, ரூம் மைக்கை மட்டும் கழற்றாமல் விட்டேன்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் லைவ் முடிந்ததும் பாஸ்டர் ஞானமுத்து ஐயா வீட்டுக்குப் போனார். வாசல் கிரில்லுக்கு வெளியே நாற்காலி போட்டு, ஜெபத்தை அவருக்காக இன்னொரு முறை செய்தார். பெரியவர் உள்ளே டை கட்டி உட்கார்ந்திருப்பார். சர்ச்சில் என் மீட்டர் பிறகு அசையவே இல்லை. ஆனாலும் பாஸ்டர் ஜெபத்துக்கு ஜெபம் இடைவெளி விடுவதை நிறுத்தவில்லை.

சர்ச் திறந்தபின் பாதிப் பேர் வரவில்லை. லைவ்வே வசதி என்றார்கள். ஒரு பையன், "கண்டிப்பா வந்தாத்தான் ரட்சிப்பா பாஸ்டர்?" என்று நேராகவே கேட்டான்.

"இல்ல பா. அதுக்கு வர வேணாம். எனக்காக வா" என்றார் அவர்.

இந்தச் சவுண்ட் வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். தேவையில்லாத சத்தத்தை ஒரு பட்டனில் அழித்துவிடுகிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத சத்தம் கேட்டால், உடனே அதைக் குறைக்காதீர்கள். பயமாக இருந்தாலும் முதலில் எழுந்து போய், வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.