விரல் வைத்தால் மட்டும் திறக்குமாம்

ஷிஃப்டில் மயங்கி விழுந்த என் தம்பியை இன்று காலை அவன் கம்பெனி சூப்பர்வைசர்தான் ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். நானும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன்.

எமர்ஜென்சி கவுண்டரில் புதிதாக ஒரு கைரேகை மிஷின்.

"பேஷண்ட் பேசலன்னாலும் பரவால்லக்கா. வெரல வெச்சா பழைய ரெக்கார்டு எல்லாம் வந்துரும். வேற யாரும் பாக்க முடியாது, அவ்ளோ சேஃப்டி" என்றாள் அங்கிருந்த பெண்.

தம்பியின் விரலெல்லாம் ஆயில் கறை. மிஷின் ஏற்கவே இல்லை. நான் முந்தானையால் துடைத்தேன். அவள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். ஒருவழியாகத் திறந்தது.

திறந்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே டாக்டரைப் பார்த்துக் கத்தினாள். "சார், இவுரு டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்புடறாரு!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. என்னை ஒட்டி நின்ற சூப்பர்வைசரும்தான்.

தம்பி தேறிவிட்டான். சாயங்காலம் சூப்பர்வைசரிடமிருந்து போன். "மனசு சரியில்லாத ஆள லைன்ல நிறுத்த முடியாதும்மா. இனிமே வர வேணாம்னு சொல்லிருங்க."

"அவருக்கு யாரு சொன்னதுக்கா?" என்று கேட்டான் தம்பி.

கவுண்டரில் நடந்ததைச் சொன்னேன்.

"இனிமே மறைக்க என்ன இருக்கு? நடந்தத நீயே ஃபேஸ்புக்ல போடு" என்றான். இதோ போட்டுவிட்டேன்.

படுத்துக் கிடப்பவன் என் தம்பிதானா என்று அவன் விரலை அத்தனை தடவை அழுத்திப் பார்த்தாயே தாயே, பக்கத்தில் நிற்கிற ஆள் யாரென்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டாயா?