நடுக்கத்தைத் தியானம் என்று நினைத்தேன்

அரியலூரில் தையல் கடை வைத்திருக்கும் நான், சென்ற மாதம் குன்னம் பக்கத்தில் ஒரு பௌத்த தியான மையத்தில் ஐந்து நாள் முகாமுக்குப் போயிருந்தேன். யாரும் யாரிடமும் பேசக்கூடாது. பகல் பன்னிரண்டுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தில், படிவத்தில் 'நோய் எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டேன்.

இரண்டாம் நாள் மாலை, வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. ரவிக்கை நனையும் அளவுக்கு வியர்த்தது. "உடம்பில் எது தோன்றினாலும் அசையாமல் கவனியுங்கள்" என்று காலையில் சொல்லியிருந்தார்கள். இரண்டே நாளில் தியானம் கைகூடிவிட்டது என்று பெருமையோடு கவனித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்தவர் செட்டிகுளத்தில் வெங்காயம் பயிரிடும் பெண்மணி. என் கையைத் தொட்டுப் பார்த்தவர் சத்தமாகவே பேசினார்.

"இவங்களுக்கு சுகர் இறங்கிருச்சு. எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். சீக்கிரம் சர்க்கரத் தண்ணி கொண்டாங்க."

குடித்த கால் மணி நேரத்தில் தெளிந்தேன்.

"என்னால உங்க மௌனம் போச்சேங்க" என்றேன்.

"அத நாளைக்கு இருந்துக்கலாம். மிச்சத்தக் குடிங்க."

டாக்டரிடம் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது எந்தப் படிவத்திலும் நோய் பற்றிய இடத்தைத்தான் முதலில் நிரப்புகிறேன். வீட்டில் தினமும் தியானம் செய்கிறேன், பக்கத்தில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொண்டு. கை நடுங்கினால் கவனித்துக்கொண்டிருப்பதில்லை, மிட்டாயைப் பிரித்துவிடுகிறேன்.