இரண்டு பக்கமும் உமி

மாலை நான்கு மணிக்கு எங்கள் உணவகத்தில் எல்லோரும் "புயனோஸ் தியாஸ்" என்று காலை வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். சிலி நாட்டுப் பாலைவனத்தில் ஒரு தொலைநோக்கி மலை இது. ராத்திரியெல்லாம் வானம் பார்ப்பவர்களுக்கு அப்போதுதான் விடிகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் சந்தவாசலில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டக் கற்று, அந்தக் கைப்பழக்கத்திலேயே இங்கே கேமராக்களைக் குளிரவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அது வேலை முடிகிற நேரம். என் சாப்பாட்டுக்கு எதிரே அவர்களின் காலைக் காப்பி.

அப்படி எதிரே வந்து உட்காருகிறவர் இனெஸ். எட்டாத தூரத்தில் இருக்கும் குட்டி கேலக்ஸிகளை ஆராய்பவர். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்போமே, அந்த ஜாதி: சின்ன இடத்துக்குள் கோடிக்கணக்கான விண்மீன்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். தனியாக அது கண்ணுக்கு அகப்படாது. நடுவழியில் கனமான இன்னொரு கேலக்ஸி நின்றால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்துப் பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்கும். சமயத்தில் ஒன்றையே இரண்டாகவும் காட்டும். இனெஸுக்கு அப்படி இரண்டு புள்ளிகள் கிடைத்திருந்தன. இரண்டும் ஒன்றேயானால் அவருடைய நான்கு வருட உழைப்பு நிலைக்கும். வேறு வேறென்றால் எல்லாம் போச்சு. கூட இருப்பவர்கள் முன்கூட்டியே கைகுலுக்க வந்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, இரண்டிலும் ஒரே கோடுகள் விழுகின்றனவா என்று பார்க்காமல் வாழ்த்து வாங்க மாட்டாராம். அந்த நேர்மைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

எனக்கு ஜவ்வாது மலையில் எங்கள் ஓடை நினைவுக்கு வந்தது. ஒரு குன்று, இரு பக்கமும் இரண்டு ஊர், ஊருக்கொரு ஓடை. உன் ஊற்று வேறு, என் ஊற்று வேறு என்று ஒரு கோடையில் கைகலப்பு வரை போனது. "தண்ணி பொய் சொல்லாது, மனுசன்தான் சொல்லுவான்" என்று என் அண்ணன் இரண்டு மூட்டை சாமை உமியைக் குன்றின் உச்சியில் இருந்த மேல்சுனையில் கொட்டினார். சாயங்காலம் எங்கள் பக்கம் உமி மிதந்து வந்தது. அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, நாங்கள் கெக்கலித்தோம். மறுநாள் காலை அங்கேயும் வந்துவிட்டது. தண்ணீர் ஒன்றுதான், அவர்களுக்குச் சுற்றுவழி.

இதை என் அரைகுறை ஸ்பானிஷில் இனெஸிடம் சொன்னேன். அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் குழாய் ரிப்பேர்க்காரர் என் அறைவாசலில் நிற்கிறார். என் தண்ணீரில் தூசி வருகிறதென்று இனெஸ் சொல்லி அனுப்பினாராம். பிறகு இனெஸுக்குத் தாளில் வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தவர், ஒளியும் இப்படித்தான், ஒரு வழியில் வருவது பிந்தி வரும் என்று சொல்லி, அந்தத் தாளைத் தன் மேசைக்கு மேல் ஒட்டிக்கொண்டார்.

சோதனை நடந்த வாரம் நான் லீவில் ஊரில் இருந்தேன். அண்ணன் வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தோம். மணிக்கொரு தரம் அண்ணன் என் போனை எட்டிப் பார்ப்பார். "இன்னாடா, அந்தம்மா உமி கொட்டிச்சா இல்லியா?" மூன்றாம் நாள் இனெஸிடமிருந்து ஒரு வரி வந்தது: இரண்டு பக்கமும் உமி. அண்ணன் புளியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணிக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. தட்டுகிற கல்லை நடுவழி கேலக்ஸியாக்கி, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு புளியங்கொட்டை வைத்து விளக்கினேன்.

"ரெண்டும் ஒன்னுன்னா, நெசமா அது எங்க கீது தம்பி?"

"தெரியுற ரெண்டு எடத்துலயும் இல்ல அண்ணி. கல்லுக்குப் பின்னால."

அண்ணி இன்னொரு கொட்டையை எடுத்துக் கல்லுக்குப் பின்னால் வைத்தார். "போன்ல ஒருத்தன், லீவுக்கு ஒருத்தன். உன்னயும் இப்படித்தான் தேடினு கீறோம்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கல்தான் தெரிந்தது, அண்ணி வைத்த கொட்டை தெரியவில்லை.