தாரணியின் முழங்கால்

கட்டுப் பிரித்த பிறகு

முதல் நாளே தாரணி என் கையைக் கடித்துவிட்டாள். முழங்காலை மடக்கிப் பார்க்கலாம் என்று நான் கை வைத்ததுதான் தாமதம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். எங்களை 'கரண்ட் வைக்கிற டாக்டர்' என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள். தாரணி இரண்டாம் வகுப்பு. அவள் அப்பா செல்வராஜ் சூலூர்ப் பக்கம் சொந்தமாகத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகும்போது அவர் ஓட்டிய கார் புளியமரத்தில் மோதிவிட்டது. அவருக்கு நெற்றியில் தையல். மனைவி மல்லிகாவுக்குச் சிராய்ப்பு. பின்சீட்டில் நின்றுகொண்டு வந்த தாரணிக்கு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. பிழைப்பாளா என்பதே சில நாள் சந்தேகமாக இருந்தது. ஆபரேஷன், எடை கட்டிக் காலை இழுத்துவைக்கும் ட்ராக்ஷன், பிறகு இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. அதையெல்லாம் தாண்டித்தான், இன்னும் வார்டில் இருக்கும்போதே, என்னிடம் வந்தாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு டாக்டருக்குப் புரியவில்லை.

"எலும்பு அருமையா சேர்ந்திருக்கு. இந்த வயசுப் பிள்ளைங்க கட்டுப் பிரிச்சா தானா எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சிடுங்க. இவ காலை ஊனவே மாட்டேங்கறா. இப்படியே விட்டா மயக்கம் குடுத்து மடக்க வேண்டி வரும். இன்னொரு தடவை இவளை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டுபோக எனக்கு மனசில்லை" என்றார்.

எனக்கும் இல்லை. ஹாட் பேக்கால் ஒத்தடம் வைத்தேன், பாட்டுப் பாடினேன், பொம்மை காட்டினேன். தாரணி காலை விறைப்பாக நீட்டியபடியே படுத்திருந்தாள். நான் தொட்டால் வீறிட்டாள். அவள் கத்தியதும் கதவோரம் நிற்கும் செல்வராஜ் வராந்தாவுக்குப் போய்விடுவார். ஒருநாளும் அவர் உள்ளே வந்ததில்லை.

"அவரால பாக்க முடியறதில்லைங்க மேடம்" என்றார் மல்லிகா. "ஊட்லயும் சரியாச் சாப்படறதில்லைங்க."

மெழுகுச் சட்டி

எங்கள் அறையில் வேக்ஸ் பாத் இருந்தது. கை மூட்டு வலிக்காரர்களுக்காக உருக்கி வைத்திருக்கும் மெழுகு. ஒரு மத்தியானம் மல்லிகா காப்பி வாங்கப் போயிருந்தபோது, தாரணியின் விரலை அதில் முக்கி எடுத்தேன். ஆறியதும் மெழுகு குட்டித் தொப்பிபோல உரிந்து வந்தது. அவளுக்குப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு விரலாக நீட்டினாள். காலைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை.

திடீரென்று கேட்டாள். "அப்பா எங்க?"

"வெளிய நிக்கறார் கண்ணு."

"என்ற மேல கோவமா இருக்காங்களா?"

"உம்மேல எதுக்குக் கோவம்?"

மெழுகுத் தொப்பியை நசுக்கிக்கொண்டே சொன்னாள். "நாந்தான் மயிலு பாத்தேன். அப்பா இங்க பாருங்கன்னு கூப்பிட்டேன். அப்பா திரும்பிப் பாத்தாங்க. அப்பறந்தான் மரம் வந்துச்சு."

அவளுடைய அடுத்த விரலை மெழுகில் முக்கினேன். அவளே தொடர்ந்தாள். "கால் நல்லாயிருச்சுன்னா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அங்க போனா அப்பா வைவாங்க. நீங்க சொல்லிப்போடாதீங்க."

"நான் சொல்லலை. நீயே சொல்றயா? நான் பக்கத்துலயே இருக்கேன்."

நசுங்கிய மெழுகை என் கையில் வைத்துவிட்டு, சரியென்று தலையாட்டினாள்.

செல்வராஜ் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். "வேண்டாங்க மேடம். வண்டி ஓட்டுனவன் நானுங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளைப் பாக்கறது?"

"அவளுக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமாம். எங்கிட்ட சொல்லி ஆகாதுங்க. நீங்கதான் வரோணும்."

வந்தார். அவள் அவரைப் பார்க்காமலே மயிலைப் பற்றிச் சொல்லி முடித்தாள். அவர் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ கூப்புடத்தான் செய்வே சாமி. ரோட்டைப் பாத்து ஓட்டறது அப்பன் வேலை. திரும்புனது நானு. உனக்கு இதுல ஒண்ணுமே இல்லை அம்மணி" என்றவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

தாரணி எக்கி அந்தத் துண்டை இழுத்தாள். அவர் நெற்றித் தழும்பைத் தொட்டு, "இன்னும் வலிக்குதுங்களா அப்பா?" என்று கேட்டாள்.

காப்பித் தூக்குடன் வந்த மல்லிகா வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பாவையும் மகளையும் விட்டுவிட்டு நான் மெழுகுச் சட்டியை அணைக்கப் போனேன்.

தறிச் சத்தம்

மறுநாளிலிருந்து பாதி வேலை செல்வராஜ் கைக்குப் போனது. தாரணியைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, எதிரே முக்காலி போட்டுக் கையை நீட்டுவார். "தறி ஓடட்டும்" என்று வாயாலேயே டக்கு டக்கு என்று சத்தம் கொடுப்பார். அந்தத் தாளத்துக்கு அவள் அவர் உள்ளங்கையை உதைக்க வேண்டும். சில சமயம் "நூல் அறுந்துபோச்சு" என்று நிறுத்துவார். அவள் சிரித்துக்கொண்டே, "முடிஞ்சு போட்டு ஓட்டுங்க" என்பாள். முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

நடை பழக்கும் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே முதன்முதலில் நடந்த அன்று, மறுமுனையில் நின்ற அவர் ஆவலில் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். "நீங்க அங்கயே நில்லுங்கப்பா, நானே வாரேன்" என்று அதட்டினாள். வந்தும் சேர்ந்தாள். எலும்பு டாக்டர் பிறகு மயக்க மருந்துப் பேச்சையே எடுக்கவில்லை.

சில மாதம் லேசாக விந்தி நடந்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அதுவும் போய்விட்டது. கடைசியாகக் காட்ட வந்தபோது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினாள். எழும்போது யார் கையையும் பிடிக்கவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். அந்த விபத்தைப் பற்றி அப்பாவிடம் கேட்டோம், அம்மாவிடம் கேட்டோம், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தாரணியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் குழந்தை வந்தாலும், காலைத் தொடுவதற்கு முன்னால் அருகில் உட்கார்ந்து, "அன்னிக்கு என்ன ஆச்சு கண்ணு, நீ சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.